குடிக்கும் வயது, கூடவரும் தம்பி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறேன். வயது 19. மது வாங்குவதற்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்க வேண்டும் என்று என் நண்பர்கள் ஒரு கோரிக்கை மனு தயாரித்திருக்கிறார்கள். என்னையும் கையெழுத்திடச் சொல்கிறார்கள். 18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், குடிக்க மட்டும் கூடாது என்பது எங்களை அவமதிப்பதாகாதா? தடுக்கத் தடுக்கத்தானே ஆசை கூடுகிறது? ஜெர்மனியில் 16 வயதிலேயே பீர் வாங்கலாமே? அரசுக்கும் வருவாய் கூடும். எனக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். நாளை அவன் எவனிடமோ ஒளிந்து கற்றுக்கொள்வதைவிட, நானே பக்கத்திலிருந்து அளவோடு குடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். நான் கையெழுத்திடலாமா?

(பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மனுவைப் பற்றிப் பத்து வரிகள் இருக்கின்றன, தம்பியைப் பற்றி இரண்டு வரிகள். அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். சென்ற மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு என் மனம் வேறொரு தம்பியையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ஓட்டுரிமையையும் ராணுவத்தையும் காட்டிக் குடிக்கும் வயதைக் குறைக்கச் சொல்லும் வாதம் உங்கள் நண்பர்கள் கண்டுபிடித்ததல்ல. ஒரு பெரிய நாடு அதை நம்பி, நடைமுறைப்படுத்தி, விளைவையும் பார்த்துவிட்டது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், போருக்கு அனுப்பப்படும் இளைஞனுக்கு ஓட்டு இல்லையா என்ற கேள்வி எழுந்து, 1971இல் அமெரிக்க அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் ஓட்டு வயதை 21இலிருந்து 18ஆக்கியது. அதே நியாயத்தைச் சொல்லி அந்தப் பத்தாண்டின் முற்பகுதியில் 29 மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. சில ஆண்டுகளுக்குள்ளேயே இளையோர் குடித்துவிட்டு ஓட்டி மோதும் விபத்துகள் கூடுவதைக் கண்டு, பல மாநிலங்கள் எவரும் வற்புறுத்தாமலேயே வயதை மறுபடி உயர்த்தத் தொடங்கின. 21க்குக் கீழே மது வாங்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைக்கும் சட்டம் 1984இல் வந்தது. தெற்கு டகோட்டா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1987இல் தோற்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களிலும் 21 என்றாயிற்று. ஓட்டு வயது மட்டும் 18ஆகவே நின்றது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல என்பதை அவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது? அதே நாட்டில் குடியரசுத் தலைவராவதற்கு 35 வயது நிறைய வேண்டும். முப்பது வயதுக்காரர் எவரும் அதற்காகப் புண்படுவதில்லை. வயது வரம்பு உங்கள் முதிர்ச்சிக்குப் போடப்படும் மதிப்பெண் அன்று. அரசு வருவாயைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. 19 வயதுப் பிள்ளை தன் வயதுக்காரர்களின் ஈரலை வைத்துக் கருவூலத்துக்காக வாதாடுவதைப் படிக்க எனக்கு வருத்தமாக இருந்தது.

தடுத்தால் ஆசை கூடும் என்பதை அப்படித் தள்ளிவிட முடியாது. 2008இல் அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், 21 என்ற வரம்பு மாணவர்களைப் பூட்டிய அறைக்குள் தள்ளி அவசரம் அவசரமாகக் குடிக்க வைக்கிறது, ஆகவே அதை மறுபடி விவாதிக்க வேண்டும் என்று கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். நினைவிழந்து வாந்தியெடுக்கும் நண்பனைப் பார்த்தும், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடாத மாணவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து, உதவிக்கு அழைப்பவனையும் மயங்கிக் கிடப்பவனையும் தண்டிக்கமாட்டோம் என்று கல்லூரியும் சட்டமும் உறுதி கொடுப்பது. அங்கே பல கல்லூரிகளும் மாநிலங்களும் அதைச் செய்தும் இருக்கின்றன. உங்கள் நண்பர்கள் அந்தக் கோரிக்கையோடு வந்திருந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்திட்டிருப்பேன்.

ஜெர்மனியைச் சொன்னீர்கள். அங்கே பீருக்கும் வைனுக்கும் 16, சாராய வகைகளுக்கு 18. சிறு வயதில் பழகினால் அளவறிந்து குடிப்பார்கள் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கண்டத்தின் கணக்கு துணை நிற்கவில்லை. 16 வயதிலேயே வாங்க விட்ட டென்மார்க், பள்ளிப் பிள்ளைகள் போதையேறும் அளவுக்குக் குடிப்பதில் ஐரோப்பாவின் முன்வரிசையில் இருந்துவருகிறது. ஐஸ்லாந்தில் வயது 20. அங்கே 1998இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 விழுக்காடாகச் சுருங்கியது. இடையில் வயது வரம்பு மாறவில்லை என்பதால், சட்டம் மட்டுமே இதைச் செய்துவிட்டது என்று நானும் சொல்லமாட்டேன். பெற்றோர் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் இரவில் வெளியே சுற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் ஊராட்சிகள் பணம் கொடுத்தன. ஆனாலும் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு அவர்கள் அந்த வேலையைத் தொடங்கவில்லை.

இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன், ஏனென்றால் வயது வரம்பு யாருக்காக இருக்கிறது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். 18இல் கோடு போட்டால் அது 18 வயதுக்காரனைப் பற்றியது என்று நினைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் கடையில் போய் மது வாங்குவதில்லை. வாங்கக்கூடிய வயதிலிருக்கும் ஒரு நண்பனிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோதான் அது அவர்கள் கைக்கு வருகிறது. நியூசிலாந்து 1999 டிசம்பரில் வாங்கும் வயதை 20இலிருந்து 18ஆகக் குறைத்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த சாலை விபத்துக் காயங்களை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வு, 18, 19 வயதினரிடம் மட்டுமின்றி, சட்டம் தொடவே தொடாத 15 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடமும் காயங்கள் ஒப்பீட்டளவில் கூடியிருப்பதைக் கண்டது. 21 வயதுக்காரன் பள்ளியை விட்டுப் போய் மூன்றாண்டுகள் ஆகியிருக்கும். 18 வயதுக்காரன் பள்ளியின் கடைசி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு முன்பெஞ்சிலும் பின்பெஞ்சிலும் 16, 17 வயதினர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அவனை அண்ணா என்று கூப்பிடுகிறார்கள்.

என்னையும் ஒருவன் அப்படிக் கூப்பிட்டான். எனக்கு 18 முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று நான் வாழ்ந்த இடத்தில் அதுவே வாங்கும் வயது. என்னைவிட இரண்டு வகுப்பு கீழே படித்தவன் அவன். உடன்பிறந்தவன் இல்லை, ஆனால் சைக்கிள் ஓட்டப் பழகிய நாளிலிருந்து என் பின்னாலேயே வந்தவன். சட்டப்படி, தலைநிமிர்ந்து வாங்கிய என் முதல் பாட்டிலோடு ஒரு மாலை மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஏறிவந்து சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம், அண்ணா" என்றான். மீசை அரும்பாத அந்த முகத்தைப் பார்த்து எந்தக் கடைக்காரரும் அவனுக்கு விற்றிருக்கமாட்டார். நான் கொடுத்தேன். பகையாலோ விளையாட்டாகவோ கொடுக்கவில்லை, பிரியத்தால் கொடுத்தேன். அரை டம்ளருக்கும் குறைவாக ஊற்றி, மெதுவாகக் குடி, வெறும் வயிற்றில் குடிக்காதே, இதற்குமேல் கேட்காதே என்று சொல்லிக்கொடுத்தேன். உங்கள் தம்பிக்கு நீங்கள் சொல்ல நினைத்திருக்கும் அதே வாசகங்கள், நண்பரே.

24 வயதில் அவன் காலையில் எழுந்ததும் குடிப்பவனாக இருந்தான். வேலை போயிற்று. மூன்று முறை சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். மூன்றாம் முறை, 31 வயதில், நிறுத்தினான். அந்த அரை டம்ளர்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இல்லை என்று சொல்ல மனமும் இல்லை. 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும், 20 வயதுக்குமேல் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரும் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானதாக 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. சீக்கிரம் தொடங்குவோரிடம் வேறு காரணங்களும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ என் மொட்டைமாடி இருக்கிறது.

சென்ற மாதம் அவன் அழைத்தான். குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் நிறைந்த நாள். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அந்த மாலையைப் பற்றி நான் பேச்செடுத்தேன். "நீங்கள் கொடுத்திருக்காவிட்டால் வேறு யாராவது கொடுத்திருப்பார்கள், அண்ணா" என்றான். யார் என்று கேட்டேன். யோசித்தான். பிறகு தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

அதனால்தான் உங்கள் வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்திலிருந்து கற்றுக்கொடுப்பது பாதுகாப்பு என்று எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள்? ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு, பெற்றோரே மது கொடுப்பதால் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகக் காணவில்லை. வீட்டில் கிடைத்தவர்கள் பிறரிடமும் வாங்கிக் குடிப்பதும் ஒரே அமர்வில் அளவுமீறிக் குடிப்பதும்தான் கூடியிருந்தது. பெற்றவர்களாலேயே முடியாததை, நேற்றுவரை அவனோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்ட நீங்கள் செய்துகாட்டுவீர்களா? அளவு என்பது சொல்லிக்கொடுத்துப் படிவதில்லை. முதல் மடக்கு உள்ளே இறங்கியதுமே, போதும் என்று சொல்ல வேண்டிய மூளைப்பகுதிதான் தளர்கிறது; இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பகுதி உங்களுக்கே இன்னும் முழுமையடையவில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கிறீர்கள். அவனுக்கு நினைவில் நிற்கப்போவது நீங்கள் சொன்ன அளவு அன்று, அண்ணனே ஊற்றிக்கொடுத்தான் என்ற சம்மதம். கடுமையாக எழுதுகிறேன் என்று தெரியும். நீங்கள் நல்ல அண்ணன் என்பதாலேயே எழுதுகிறேன். தம்பியைப் பற்றி நினைக்காதவர் அந்த இரண்டு வரிகளை எழுதியிருக்கமாட்டார்.

மனுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கையெழுத்திடாதீர்கள் என்பதே என் எண்ணம். இட்டாலும் உங்கள்மேல் எனக்கு வருத்தமிருக்காது, 19 வயதில் நானும் இட்டிருப்பேன். தம்பிக்கு ஊற்றிக்கொடுக்கும் எண்ணத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். அவன் எதில் கெட்டிக்காரன், மாலையில் எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்