வெரோனிகாவின் கல்யாணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பிலிம் சொசைட்டியில் 'கொக்குகள் பறக்கின்றன' பார்த்தேன். 1957இல் வந்த சோவியத் படம். போரிஸ் குண்டடிபட்டு விழும்போது அவன் தலைக்கு மேலே பிர்ச் மரங்கள் சுழலுமே, அந்த இடத்தில் அழுதுவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் கழித்துப் போன வாரம் மறுபடி பார்த்தேன். இந்த முறை அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போரிஸ் போருக்குப் போயிருக்கிறான். வெரோனிகா அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் மார்க்கைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஏன் என்று படம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அந்த வயதில் இது ஏன் எனக்கு உறுத்தவில்லை? படம் பழசாகிவிட்டதா, நான் மாறிவிட்டேனா?

ச.

அன்புள்ள ச.,

எனக்கு இது தலைகீழாக நடந்தது. முதல் முறை பார்த்தபோதுதான் கோபப்பட்டேன். படம் முடிந்ததும் யாராவது பேசுங்கள் என்றார்கள். நான் எழுந்து, காத்திருக்க முடியாதவளை வைத்து எப்படி ஒரு காதல் படம் எடுக்கலாம் என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா, "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு அன்னைக்கு ராத்திரி வேற எங்க போயிருப்பா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பல வருஷம் கழித்து அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தேன். குண்டுவீச்சு முடிந்து மெட்ரோ நிலையத்திலிருந்து வெரோனிகா வீட்டுக்கு ஓடிவருகிறாள். எரிகிற படிக்கட்டில் ஏறிக் கதவைத் திறந்தால் உள்ளே வீடே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் வெளி. ஒரு கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா, அப்பா இருவரும் போய்விட்டார்கள். போரிஸின் அப்பா அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். அதே வீட்டில்தான் மார்க்கும் இருக்கிறான்.

அப்புறம் அந்த இரவு. நீங்கள் விளக்கம் கேட்கிறீர்கள். என் கண்ணுக்கு முழு விளக்கமும் அங்கேதான் இருக்கிறது. வெளியே குண்டு விழுகிறது, ஜன்னல் கண்ணாடி நொறுங்குகிறது. அவள் மார்க்கைக் கன்னத்தில் அறைகிறாள், திரும்பத் திரும்ப, "வேண்டாம், வேண்டாம்" என்று கத்திக்கொண்டே. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவன் பூட்ஸுக்கு அடியில் கண்ணாடித் துண்டுகள் நொறுங்குகின்றன. உடனே சதுப்பு நிலம், போரிஸின் சாவு. அடுத்தது வீட்டில் எல்லோர் முன்னாலும் கல்யாணச் செய்தி. அவள் தலை குனிந்து நிற்கிறாள். முதல் முறை பார்த்தபோது அவள் அறைந்தது என் கண்ணில் படவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்து ரஷ்யாவையும் நினைத்துப் பாருங்கள். 1942 ஜனவரியில் பிராவ்தா நாளிதழில் கான்ஸ்தந்தின் சிமோனவின் 'எனக்காகக் காத்திரு' கவிதை வந்தது. நீ காத்திருந்ததால்தான் நான் உயிர் பிழைத்தேன் என்று ஒரு சிப்பாய் தன் காதலியிடம் சொல்லும் கவிதை. படைவீரர்கள் அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். போர்முனையில் இருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் ஊரில் இருக்கும் பெண்ணின் தலையில் அது எவ்வளவு பெரிய பாரம்! அவன் திரும்பி வராவிட்டால் அது யார் குற்றம்?

குடும்பம் இடம்பெயர்ந்து போன சைபீரியாவில் வரும் மருத்துவமனைக் காட்சியில் அந்தப் பாரம் முழுவதும் இறங்குகிறது. தன் காதலி வேறொருவனைக் கட்டிக்கொண்டாள் என்ற செய்தி கேட்டு ஒரு சிப்பாய் காயத்தின் கட்டைப் பிய்த்துக்கொண்டு கதறுகிறான். போரிஸின் அப்பா ஃபியோதர் இவானவிச்தான் அங்கே அறுவை மருத்துவர். அப்படிப்பட்ட பெண்களுக்கு மன்னிப்பே கிடையாது என்று அவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசுகிறார். அங்கே வேலை செய்யும் வெரோனிகாவும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவர் கெட்டவர் இல்லை, படத்திலேயே அவரைப் போல நல்ல மனிதர் யாரும் இல்லை. கதறுகிறவனைத் தேற்றத்தான் பேசுகிறார். அன்றைக்கு நான் எழுந்து பேசியதும் அவருடைய பேச்சுதான். அங்கிருந்து அவள் ஓடுகிறாள். ரயில் பாதைக்கு மேலே பாலத்தில் நின்று குதிக்கப் பார்க்கிறாள். லாரியில் அடிபட இருந்த ஒரு சின்னப் பையனைப் பார்த்ததும் பாய்ந்து தூக்கிக்கொள்கிறாள். அவன் பெயரும் போரிஸ்தான். வேறு படமாக இருந்தால் இந்தத் தற்செயலை நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். வெரோனிகாவாக நடித்த சமோய்லவாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டாலின் இருந்தவரை இப்படி ஒரு பெண்ணை நடுவில் வைத்துப் போர்ப்படம் எடுத்திருக்க முடியாது. அவர் 1953இல் இறந்தார். 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியின் இருபதாவது மாநாடு, அங்கேதான் குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசினார். அதற்கு அடுத்த வருஷம் இந்தப் படம். மூல நாடகத்தை எழுதிய விக்தர் ரோசவ் 1941இல் தானே முன்வந்து போருக்குப் போய்ப் படுகாயம் அடைந்தவர். ஒளிப்பதிவாளர் உருசேவ்ஸ்கி போர்முனையில் காமிரா பிடித்தவர். இசையமைத்த வைன்பெர்க் 1939இல் வார்சாவிலிருந்து தப்பி வந்தவர், அவருடைய பெற்றோரும் தங்கையும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். இயக்குநர் கலத்தோசவ் இவர்களை வைத்து எடுத்த படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் 1958ஆம் ஆண்டின் உயரிய விருதான தங்கப்பனை கிடைத்தது. கதாநாயகியை மன்னிக்கவோ தண்டிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்று நினைத்தவர்கள் இவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, அவள் காத்திருக்கவில்லை என்கிறீர்களே. மார்க்கின் மனைவியாக இருக்கும்போதும் தபால்காரர் வந்தால் அவள் தவிக்கிறாள். போரிஸ் இறந்துவிட்டான் என்று போர்முனையில் அவனோடு இருந்த வோலோத்யா சொல்லியும் நம்பவில்லை. போர் முடிந்து ரயில் வரும்போது கை நிறையப் பூவோடு ஸ்டேஷனுக்குப் போகிறாள். போரிஸின் நண்பன் ஸ்தெபான் சொன்ன பிறகுதான், வேறு வழியில்லாமல், நம்புகிறாள். படத்தில் அவள் காத்திருக்காத ஒரு நாளை எனக்குக் காட்டுங்கள்.

மறுபடி பார்த்தால் அந்த அணில் பொம்மையைக் கவனியுங்கள். அவளுடைய பிறந்தநாளுக்காகப் போரிஸ் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனது. அவளை அவன் அணில் என்றுதான் கூப்பிடுவான். பொம்மையின் கூடையில் கொட்டைகளுக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது. மார்க் அந்தப் பொம்மையை எடுத்துப்போய் வேறொருத்திக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த பிறகுதான் சீட்டு வெளியே வருகிறது. அதுவரை அவ்வளவு நாளும் அது அவள் வீட்டிலேயேதான் இருந்தது.

அன்புடன்.