ஆஃப்ரோடு ஆர்சி டிரக்: மோட்டார், பினியன், ஸ்பர் பற்றி கேள்வி பதில்

பல வருடமாக ஸ்டேடியம் டிரக், ஷார்ட் கோர்ஸ் டிரக் என்று ரிமோட்டில் ஓடும் சின்ன ஆஃப்ரோடு வண்டிகள் ஓட்டுகிறேன், இப்போது பெரிய டயர் போட்ட ட்ரகியும் சேர்ந்துவிட்டது. மோட்டார், கியர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பினியன் (மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் சின்ன கியர்) எத்தனை பல், ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய கியர்) எத்தனை பல், கியர்பாக்ஸின் உள் விகிதம், டயரின் குறுக்களவு, மோட்டார், பேட்டரி இவற்றை எழுதிவிட்டுக் கேளுங்கள். "என் வண்டிக்கு எந்த பினியன்?" என்று மட்டும் கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

கேள்வி: அண்ணா, வண்டி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு மோட்டாரில் 13.5 என்று இருக்கிறது, இன்னொன்றில் 17.5, மற்றொன்றில் 3300 கேவி. எது வேகம், எப்படி ஒப்பிடுவது?

13.5, 17.5 என்பதெல்லாம் டர்ன், அதாவது மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்ற கணக்கு. சுற்று குறைந்தால் மோட்டார் வேகமாகச் சுழலும், கரண்ட்டும் அதிகம் இழுக்கும். அந்த அரைச் சுற்று எதற்கு என்று பலர் கேட்கிறார்கள், கம்பி ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் வெளியே வருவதால்தான் அது வருகிறது. கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சி என்பது. 3300 கேவி மோட்டாரை 2எஸ் லிப்போவில், அதாவது இரண்டு செல் லித்தியம் பேட்டரியின் 7.4 வோல்ட்டில் போட்டால் நிமிடத்துக்கு 24,420 சுழற்சி.

540 அளவு, இரண்டு துருவ பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாருக்கு நான் மனதில் வைத்திருக்கும் ஒரு குறுக்குவழி: 40,000ஐ டர்னால் வகுத்தால் ஏறக்குறைய கேவி வந்துவிடும். 17.5க்கு 2300 பக்கம், 13.5க்கு 3000 பக்கம், 8.5க்கு 4700 பக்கம். டைமிங்கும் (சுருளுக்குக் கரண்ட் எவ்வளவு முன்னதாகப் போகிறது என்ற அளவு) ரோட்டரும் (உள்ளே சுழலும் காந்தம்) மாறினால் இதுவும் முன்னே பின்னே போகும், தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் மோட்டாரின் டர்னை இதோடு ஒப்பிடவே கூடாது, பிரஷ் மோட்டாரில் 12 டர்னும் பிரஷ்லெஸ்ஸில் 12 டர்னும் வேறு வேறு. நான்கு துருவ மோட்டார் என்றால் டர்னை விட்டுவிட்டு கேவியை மட்டும் பாருங்கள்.

கேள்வி: சார், ஸ்பர் 81, பினியன் 24, உள் விகிதம் 2.6, டயர் 100 மில்லிமீட்டர், 13.5 மோட்டார், 2எஸ். கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். ஷார்ட் கோர்ஸ் டயர் போடலாம் என்றும் ஒரு எண்ணம்.

இப்படிக் கேட்டால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 81ஐ 24ஆல் வகுத்தால் 3.375, அதை 2.6ஆல் பெருக்கினால் 8.775. இதுதான் இறுதி விகிதம், மோட்டார் 8.775 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். டயரின் சுற்றளவு 314 மில்லிமீட்டர். ஆக, மோட்டாரின் ஒரு சுழற்சிக்கு வண்டி 35.8 மில்லிமீட்டர் நகர்கிறது. இந்தக் கடைசி எண்ணை ரோல்அவுட் என்பார்கள், எனக்கு இறுதி விகிதத்தைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் டயரும் இதற்குள் வந்துவிடுகிறது. மோட்டாரை 3000 கேவி என்று வைத்தால் நிமிடத்துக்கு 22,200 சுழற்சி, மணிக்கு 48 கிலோமீட்டர் பக்கம் வரும். மண்ணில் சுமையோடு ஓடும்போது அவ்வளவு கிடைக்காது, 40ஐத் தொட்டாலே நல்லது.

இப்போது 110 மில்லிமீட்டர் ஷார்ட் கோர்ஸ் டயரை மாட்டுகிறீர்கள், கியரில் கை வைக்கவில்லை. ரோல்அவுட் 39.4 ஆகிவிடும். பினியனில் இரண்டு பல்லுக்கு மேல் ஏற்றியதற்குச் சமம் இது, அதோடு டயரின் எடையும் கூடுதல். "டயர்தானே மாற்றினேன், மோட்டார் ஏன் கொதிக்கிறது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் இதுதான். 24ஐ எடுத்துவிட்டு 22 போடுங்கள், பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: பினியன் இரண்டு பல் ஏற்றினேன். முதல் நிமிடம் நேர்பாதையில் பறந்தது, மூன்றாவது நிமிடத்தில் சோர்ந்துவிட்டது. ஓட்டம் முடிந்து அளந்தால் மோட்டார் 95 டிகிரி. மோட்டார் பழுதா?

ஓட்டுவதை இப்போதே நிறுத்துங்கள். மோட்டார் இன்னும் பழுதாகாமல் இருக்கலாம், அப்படியே ஓட்டினால் கட்டாயம் ஆகும்.

பெரிய பினியன் போட்டால் வண்டியை அதே வேகத்தில் கிளப்ப மோட்டார் அதிக முறுக்குவிசை கொடுக்க வேண்டும், முறுக்குவிசைக்கு ஏற்ப கரண்ட் கூடும், கம்பியில் உண்டாகும் சூடு கரண்ட்டின் இருமடி கணக்கில் ஏறும். பினியன் 20லிருந்து 22 ஆனால் கரண்ட் பத்து சதவீதம்தான் கூடுகிறது, சூடு 21 சதவீதம் கூடுகிறது. அதோடு நிற்பதில்லை. தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவில் ஏறும், 60 டிகிரி சூடேறினால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். சூடு தடையை ஏற்றுகிறது, தடை மேலும் சூட்டை ஏற்றுகிறது. உங்கள் வண்டி மூன்றாவது நிமிடத்தில் சோர்ந்த காரணம் இதுதான்.

அப்புறம் காந்தம். ரோட்டரில் இருப்பது நியோடிமியம். சாதாரண தர நியோடிமியம் 80 டிகிரி தாண்டினாலே நிரந்தரமாகக் காந்தபலம் இழக்க ஆரம்பிக்கும், போட்டி ரோட்டர்களில் இன்னும் சூடு தாங்கும் தரம் போடுகிறார்கள், அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. நீங்கள் வெளிக்கூட்டில் அளந்தது 95 என்றால் உள்ளே அதைவிட அதிகம். நான் வெளியே 75 வந்தால் எச்சரிக்கையாகிவிடுவேன், 80க்கு மேல் ஓட்டுவதே இல்லை.

இது எனக்கு நடந்தும் இருக்கிறது. ஒரு இறுதிச் சுற்றுக்கு முன், நேர்பாதை நீளம் என்று மூன்று பல் ஏற்றினேன், சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. நான்காவது நிமிடத்தில் எப்போதும் சுலபமாகத் தாண்டும் இரட்டை மேட்டைத் தாண்ட முடியாமல் வண்டி இடையில் விழுந்தது. வீட்டுக்கு வந்து மோட்டாரைச் சும்மா சுற்றிப் பார்த்தால் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது! நல்லதுதானே என்று தோன்றும், அது நல்லதல்ல. காந்தம் பலவீனமானால் கேவி கூடும், கரண்ட் கூடும், பலம் போய்விடும். அந்த ரோட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கினேன். உங்கள் மோட்டாரையும் ஆறியபின் இப்படிச் சுற்றிப் பாருங்கள், பழைய அளவே வந்தால் தப்பித்தீர்கள்.

இனி பினியன் மாற்றும்போது இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி அளங்கள். 60க்குக் கீழே இருந்தால் மேலும் மூன்று நிமிடம் ஓட்டி மறுபடி அளங்கள். ஒரு தடவைக்கு ஒரு பல்தான் ஏற்ற வேண்டும்.

கேள்வி: ப்ரோ, எங்கள் டிராக் சின்னது, திருப்பங்கள் அதிகம். நண்பர்கள் எல்லாம் 8.5 போட்டுவிட்டார்கள். என்னுடையது 13.5, பின்சக்கரம் மட்டும் ஓடும் ஸ்டேடியம் டிரக். நானும் 8.5 வாங்கலாமா?

வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்த முறை ஓட்டும்போது உங்கள் விரலைக் கவனியுங்கள். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ரிமோட்டின் டிரிக்கரை முழுதாக இழுக்க முடிகிறதா, இல்லை பின்பக்கம் வழுக்கும் என்று பாதியில் பிடிக்கிறீர்களா? பாதியில் பிடிக்கிறீர்கள் என்றால் இருக்கிற பலத்தையே மண் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் பலம் சேர்த்தால் சக்கரம்தான் வீணாகச் சுழலும். அந்தப் பணத்தில் டிராக்குக்கு ஏற்ற டயர் வாங்குங்கள்.

முழுதாக இழுத்தும் மேட்டைத் தாண்டப் போதவில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போதும் முதலில் பினியனில் ஒரு பல், தேவைப்பட்டால் இரண்டு பல் குறைத்துப் பாருங்கள். சின்ன டிராக்கில் உச்ச வேகத்துக்கு வேலையே இல்லை, நேர்பாதையில் முக்கால் தூரம் போகும்போது மோட்டார் உச்சத்தைத் தொட்டால் போதும். கடைசி வரை இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கியர் உயரமாக இருக்கிறது (பினியன் பெரிது), பாதியிலேயே ஒரே சுருதியில் நின்றுவிடுகிறது என்றால் தாழ்வாக இருக்கிறது (பினியன் சின்னது). நான் இன்றும் காதால்தான் கியர் போடுகிறேன், கணக்கு அதன்பிறகுதான். பினியன் மலிவு, மோட்டார் விலை அதிகம், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கேள்வி: புது பினியன் போட்டதிலிருந்து கரகர சத்தம், ஸ்பர் பற்கள் இரண்டே நாளில் மொட்டையாகிவிட்டன.

பிட்ச், அதாவது பல்லின் அளவு, இரண்டு கியருக்கும் பொருந்துகிறதா பாருங்கள். 48 பிட்ச், 32 பிட்ச், மாட்யூல் 0.6 எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். 48 பிட்ச் என்பது மாட்யூலில் 0.53 அளவு, அதில் 0.6 பினியனைப் போட்டால் சுற்றும், ஆனால் பல்லைத் தின்றுவிடும். 32 பிட்ச்சும் 0.8 மாட்யூலும் மட்டும் மிக நெருக்கம், சமாளிக்கும்.

பிட்ச் சரிதான் என்றால் இடைவெளி. சாதாரணத் தாள் ஒன்றைக் கீற்றாகக் கிழித்து இரண்டு கியருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூவை முடுக்கி, தாளை உருட்டி வெளியே எடுங்கள். பினியனைப் பிடித்துக்கொண்டு ஸ்பரை ஆட்டினால் மிக லேசான ஆட்டம் தெரிய வேண்டும். ஸ்பர் எப்போதும் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை, அதனால் நான்கைந்து இடத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே இறுக்கமோ அங்கே சரிசெய்யுங்கள்.

கேள்வி: சென்சர் உள்ள மோட்டார் அவசியமா?

ரோட்டர் எங்கே நிற்கிறது என்று கேபிள் வழியாகச் சொல்வதுதான் சென்சர். போட்டி ஓட்டினால் ஆம். மெதுவாகக் கிளம்பும்போது திக்கித் திணறாது, திருப்பத்தில் விரல் சொல்வதை மோட்டார் அப்படியே கேட்கும். சும்மா விளையாட ஓட்டுகிறீர்கள், தண்ணீரிலும் சேற்றிலும் ஓடும் என்றால் சென்சர் இல்லாததே போதும், ஒரு கேபிள் குறைந்தால் ஒரு தொல்லை குறைந்தது.

கேள்வி: 17.5 வகுப்பில் ஓட்டுகிறேன், ஈஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டைமிங் ஏற்ற அனுமதி இல்லை, ஏற்றவில்லை என்று காட்ட அதன் விளக்கு மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டாரின் பின்மூடியில் டைமிங் ஏற்றலாம் என்கிறார்கள். எவ்வளவு ஏற்றுவது?

டைமிங் ஏற்றினால் மேல் வேகம் கூடும், கீழ் இழுவை குறையும், கரண்ட்டும் சூடும் ஏறும். டைமிங்கை ஏற்றிவிட்டு பினியனையும் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இரட்டைச் சுமை. டைமிங் ஏறினால் பினியன் இறங்க வேண்டும். நிறுவனம் வைத்து அனுப்பிய அளவில் தொடங்கி, ஐந்து டிகிரியாக ஏற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் வெப்பத்தையும் லேப் நேரத்தையும் எழுதி வையுங்கள். ஒரே நாளில் டைமிங்கையும் பினியனையும் டயரையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி: அண்ணா, 1/8 ட்ரகி, 4எஸ். 2650 கேவி மோட்டார் கையில் இருக்கிறது, 1900 கேவி வாங்கச் சொல்கிறார்கள். ஸ்பர் 46. இருப்பதையே பினியன் சின்னதாகப் போட்டு ஓட்ட முடியாதா?

கணக்குப்படி முடியும், நடைமுறையில் முடியாது. 4எஸ் என்றால் 14.8 வோல்ட். 1900 கேவிக்கு 28,120 சுழற்சி, 2650க்கு 39,220. 1900 மோட்டாரில் 14 பல் பினியன் தரும் வேகத்தை 2650ல் எடுக்க 10 பல் பினியன் வேண்டும். மாட்யூல் 1ல், 5 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 10 பல் என்றால் துளைக்கும் பல்லுக்கும் நடுவில் உலோகம் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும், கிடைத்தாலும் பல் சீக்கிரம் தேயும். ட்ரகியின் டயர் பெரியது, எடை அதிகம், பக்கியைவிடக் குறைந்த கேவிதான் அதற்கு ஒத்துவரும். 1900 வாங்கி 13 பல்லில் ஆரம்பியுங்கள், வெப்பம் இடம் கொடுத்தால் 14. அந்த 2650ஐ 3எஸ்ஸில் வேறு வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மோட்டார் மாற்றியதிலிருந்து பிளாஸ்டிக் ஸ்பர் நடுவில் உருகுகிறது. பல் நன்றாகத்தான் இருக்கிறது.

பல் நன்றாக இருந்து நடுவில் உருகினால் அது ஸ்லிப்பர் கிளட்ச் (அதிர்ச்சி வந்தால் கொஞ்சம் வழுக்கி கியரைக் காப்பது) தளர்வு. பழைய மோட்டாருக்கு வைத்த இறுக்கம் புதியதற்குப் போதாது. பேடுகளைப் பார்த்து, பளபளவென்று தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டு நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நின்ற இடத்திலிருந்து முழு டிரிக்கர் கொடுத்தால் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை ஸ்லிப்பர் வழுக்கும் சத்தம் கேட்டு அடங்க வேண்டும். சத்தமே வராத அளவு இறுக்கிவிட்டால் ஒவ்வொரு மேட்டிலிருந்து இறங்கும் அடியும் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நேராகப் போகும்.

கேள்வி: 81, 24 கணக்கு கேட்டவன்தான் மறுபடி. 22 போட்டேன் சார், இப்போது 64 டிகிரி. கைவசம் எத்தனை பினியன் வைத்துக்கொள்வது?

அருமை! 21லிருந்து 25 வரை ஐந்து, அதே ஸ்பரில் இன்னொன்று. உங்கள் கியரில் பினியன் ஒரு பல்லுக்கு ஸ்பர் மூன்று முதல் நான்கு பல் சமம், ஸ்பரை 78 ஆக்கினால் ஏறக்குறைய பினியனில் ஒரு பல் ஏற்றியதுபோல, அதனால் ஸ்பரில் அதிகம் செலவழிக்க வேண்டாம். பினியன் எஃகில் வாங்குங்கள், அலுமினியம் மண்ணில் சீக்கிரம் கூர்மையாகி ஸ்பரையும் கெடுக்கும். மாட்டும்போது பினியனைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும், ஸ்க்ரூ தளராமல் இருக்க நூல்பிடிப் பசை ஒரு சொட்டு விடுங்கள். டயர் தேய்ந்து 110 இருந்த இடத்தில் 106 வந்துவிட்டால் 23ஐ எடுத்துப் போட்டு, வெப்பத்தை அளந்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.