வாசகர் கேள்வி பதில்: ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோயா?

கேள்வி: அம்மாவுக்குப் பெட்-சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. படத்தில் ஒளிரும் இடமெல்லாம் புற்றுநோய்தானா?

பதில்: இல்லை. ஊசியில் ஏற்றும் எஃப்.டி.ஜி. மருந்து கதிரியக்கம் சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸ். சர்க்கரையை அதிகம் இழுக்கும் எந்த செல்லும் ஒளிரும். காசநோய் தாக்கிய நெறிக்கட்டி, ஆறிவரும் அறுவைப் புண், உழைத்துக் களைத்த தசை எல்லாம் இதில் சேரும். அதனால்தான் முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்கிறார்கள். ஊசி போட்டபின் சுமார் 60 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் குரல்வளைத் தசைகூட ஒளிரும். குளிரெடுத்தால் கழுத்திலுள்ள, உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து, நோயுள்ள நெறிக்கட்டியோ என்று குழப்பும். தயங்காமல் போர்வை கேளுங்கள்.

ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் தேதியைத் தள்ளிவைப்பார்கள். ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் மருந்தோடு போட்டிபோடுவதால் கட்டி மங்கிவிடும். அவசரத்துக்கு இன்சுலின் போட்டு உடனே ஸ்கேனுக்குப் போவது இன்னும் மோசம்: எஃப்.டி.ஜி. பெருமளவு தசைக்குள் போய்விடும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும். அதை நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒளிராவிட்டாலும் நிம்மதி கொள்ள முடியாது. புராஸ்டேட் புற்றுநோய் பல நேரம் சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது. அதற்காகவே அந்த செல்களின் மேலுள்ள பி.எஸ்.எம்.ஏ. புரதத்தில் ஒட்டும் மருந்து வந்தது. காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த வகைக்கு அமெரிக்கா 2020 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அண்மை ஆண்டுகளின் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பேன்.

கேள்வி: மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே படமான மேமோகிராமைக் கணினியே படித்துவிடுமாமே?

பதில்: தனியாக அல்ல. ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மாசாய் ஆய்வின் முதற்கட்ட முடிவு 2023இல் வெளியானது. மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை ஆபத்து மதிப்பெண் போட்டது. 10 வாங்கியதை இரண்டு மருத்துவர்களும் மற்றதை ஒருவரும் பார்த்தார்கள். வழக்கமாக எல்லாப் படத்தையும் இருவர் பார்ப்பதால், படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய் ஆயிரத்துக்கு 6.1, வழக்கமான முறையில் 5.1. நல்ல முடிவுதான். ஆனால் ஒரு கருவியின் படங்களில் பழகிய மென்பொருள் வேறு கருவியின் படத்தில் தடுமாறலாம். அதனால் ஒவ்வொரு மையமும் தன் பழைய படங்களில், ஏற்கெனவே உறுதியான புற்றுநோய்களை அது பிடிக்கிறதா என்று சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.