ஓரினச்சேர்க்கைக்குத் தண்டனை என்பது நம் மரபா, வெள்ளைக்காரன் போட்ட சட்டமா?

சட்டம் வெள்ளைக்காரன் போட்டதுதான். நான் ஈரோட்டில் வக்கீல். “இது மேல்நாட்டுப் பழக்கமுங்க, நம்ம சட்டம் ஒத்துக்காது” என்று படித்தவர்களே சொல்லிக் கேட்கும்போது மனசு கொதிக்கும்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533இல் இதற்கு மரண தண்டனை வைத்தார். அந்த ஊர்ச் சட்டத்தில் ஊறியவர், இங்கே சட்டம் எழுத வந்த ஆங்கிலேயர் மெக்காலே. 1834இல் இந்தியா வந்து இறங்கிய கையோடு அவர் போய்த் தங்கியது நம்ம மேட்டுப்பாளையத்துக்கு மேலே, ஊட்டியில். அவர் தலைமையிலான ஆணையம் 1837இல் தண்டனைச் சட்ட வரைவை முடித்தது. 1860இல் சட்டமாகி, 1862இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 377வது பிரிவு, “இயற்கைக்கு மாறான” உறவுக்குப் பத்து வருஷம் வரை அல்லது ஆயுள் தண்டனை. இருவரும் மனமொப்பி இருந்தாலும் குற்றம்.

அதற்கு முன் இங்கே எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். மனு ஸ்மிருதியில் ஆணுக்குக் குளித்துப் பரிகாரம். பெண்களுக்கு அபராதம், அடி. ஆனால் நாடு முழுக்க எல்லாருக்கும் ஒரே சட்டமாக, ஆயுள் வரை ஜெயில் என்று வந்தது அவர்கள் ஆட்சியில்தான்.

இந்தப் பிரிவில் வழக்கு நடந்ததை விட மிரட்டல் நடந்ததுதான் அதிகம். 2018க்கு முன்பு தறி ஓட்டும் பையன் ஒருவன் வந்தான். அவனும் சிநேகிதனும் சேர்ந்திருந்த போட்டோவை எவனோ எடுத்து வைத்துக்கொண்டு, வாராவாரம் தறிக்கூலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். “ஏனுங்ணா, நெசமாலுமே ஆயுள் தண்டனைங்களா?” என்று கேட்டான். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றேன். “அப்பனுக்குத் தெரிஞ்சிருமுங்ணா” என்று எழுந்து போய்விட்டான்.

இங்கிலாந்து 1967இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. மனமொப்பிய உறவு குற்றமில்லை என்று நமக்கு 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் கொடுத்த விடுதலையை 2013இல் உச்சநீதிமன்றம் பறித்து, 2018 செப்டம்பர் 6இல் திருப்பிக் கொடுத்தது. மலேசியாவில் அதே 377ஆம் எண்ணோடு இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. இன்றும் யாராவது இதைச் சொல்லி மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மெசேஜ், போன் பதிவு எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 308வது பிரிவில் குற்றம், மாட்டப்போவது அவன்தான்.