மேலே போனதும் இன்ஜின் ஏன் இருமுகிறது?

கேள்வி: வணக்கம் அண்ணே. நானும் என் மைத்துனரும் நான்கு வருடம் உழைத்து, இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறு விமானத்தைக் கட்டி முடித்தோம். இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 100 குதிரைத்திறன். போன மாதம் பாதி டேங்க் பெட்ரோலோடு நாலைந்து முறை வட்டமடித்து இறங்கினோம், ஒரு குறையும் இல்லை. இந்த மாதம் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். முழு திராட்டிலில் ஏறி ஒன்றரை நிமிடம் இருக்கும், இன்ஜின் இரும ஆரம்பித்தது. பவரைக் குறைத்ததும் சமாளித்துக்கொண்டது, திரும்பி வந்து இறங்கிவிட்டோம். எட்டு பிளக்கையும் மாற்றிவிட்டு மறுபடி கிளம்பிப் பார்த்தோம், அதே கதை. தரையில் மேக்னெட்டோ சோதனை (இக்னிஷனை ஒவ்வொரு பக்கமாக அணைத்துப் பார்ப்பது) சரியாகத்தான் இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றலாமா?
வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தம்பி, கார்புரேட்டரில் இப்போது கை வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், இரண்டாவது முறையும் மேலே போய்ப் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. இருமுகிற இன்ஜினைத் தரையில்தான் சோதிக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், வாலைத் தரையில் ஆழமாக அடித்த இரும்பு முளையோடு கட்டுங்கள், புரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, உள்ளே ஒருவர் திராட்டிலில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். காரணம் தெரியும் வரை இந்த விமானம் பறக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிளக் மேல் சந்தேகமே வந்திருக்க வேண்டியதில்லை. இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அதற்குத் தனித்தனியாக இரண்டு இக்னிஷன். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் வைத்து ஒரு பக்கத்தை அணைத்தால் இறக்கம் 300 சுற்றைத் தாண்டக் கூடாது, இரண்டு பக்கத்துக்கும் நடுவே வித்தியாசம் 115க்குள் இருக்க வேண்டும். உங்கள் சோதனை இதற்குள் அடங்குகிறது என்றால் தீப்பொறிப் பக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதோடு, ஒன்றரை நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு இருமி, பவரைக் குறைத்ததும் சமாளித்துக்கொள்ளும் இன்ஜினுக்குப் பெரும்பாலும் பெட்ரோல்தான் போதவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த கையிருப்பு தீர்ந்துவிட்டது, பின்னால் வருவது போதவில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொரு தடயம் இருக்கிறது, நீங்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பாதி டேங்கில் நன்றாக ஓடியது, நிரப்பியதும் தகராறு! டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அதற்குத்தான் காற்றுக்குழாய். அது அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு பெட்ரோலைப் பிடித்து இழுக்கும். பாதி டேங்கில் மேலே நிறையக் காற்று இருப்பதால் அந்த இழுப்பு மெதுவாகத்தான் கூடும், விளிம்பு வரை நிரப்பிய டேங்கில் ஒரு லிட்டர் போவதற்குள்ளேயே இறுகிவிடும். நடுவில் ஒரு மாதம் விமானம் சும்மா நின்றதும் சேர்ந்திருக்கலாம்.

நான் பார்த்த ஒரு விமானத்தில் இதேதான் நடந்தது. இன்ஜின் தடுமாறி நின்ற கையோடு டேங்க் மூடியைத் திருகினேன், உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. இறக்கைக்கு அடியில் பென்சில் தடிமனில் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்தேன். உள்ளங்கையில் காய்ந்த செம்மண் உதிர்ந்தது, கூடவே சிலந்திக் கால்கள் இரண்டு. மண்குளவி தன் குஞ்சுக்குச் சிலந்திகளை அடைத்துவைத்து மண் பூசி மூடியிருக்கிறது. நம் ஊரில் திறந்திருக்கிற எந்தக் குழாயையும் குளவி விட்டுவைக்காது, ஹேங்கரில் வைத்திருந்தாலும்தான்.

அதனால் முதலில் டேங்கை நிரப்பி, கட்டிவைத்த நிலையில் இரண்டு நிமிடம் முழு பவரில் ஓட்டுங்கள் (5,800 சுற்றுக்கு ரோட்டாக்ஸ் கொடுத்திருக்கும் வரம்பே 5 நிமிடம்தான், வெப்பமானியிலும் ஒரு கண் இருக்கட்டும்). இருமியதும் அணைத்துவிட்டு மூடியைத் திறந்து காது கொடுங்கள். சத்தம் கேட்டால் குழாயைச் சுத்தம் செய்து, வாயில் சன்னமான கம்பிவலை கட்டிவிடுங்கள்.

சத்தம் வரவில்லையென்றால் பெட்ரோல் ஓட்டத்தை அளக்க வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, முன்சக்கரத்தைத் தூக்கி ஏறும்போது இருக்கும் சாய்வில் நிறுத்துங்கள். எலக்ட்ரிக் பம்ப் இருக்கும் என்று நினைக்கிறேன். கார்புரேட்டர் பக்கத்தில் ஹோஸைக் கழற்றி, அந்தப் பம்பைப் போட்டு, அளவு பாத்திரத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். இந்த இன்ஜின் முழு பவரில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும், கால் பங்கு கூடுதலாகவே வர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல், 560 மில்லி. குறைந்தால் டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர்ந்து வாருங்கள். புதிதாகக் கட்டிய விமானத்தில் நான் முதலில் பார்ப்பது டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியைத்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஃபைபர் தூளும் சீலன்ட் துணுக்கும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஹோஸ் எங்காவது சைலன்சரை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். நம் வெயிலில் அந்தச் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழ் கட்டிவிடும். எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், செய்ததை லாக் புத்தகத்தில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்றே தெரியாது.

கேள்வி: ஐடிலில், அதாவது திராட்டிலை மூடி மெதுவாக ஓடவிட்டால், விமானமே உதறுகிறது, முன்னால் கடகடவென்று சத்தம். 2,500 சுற்றைத் தாண்டினால் பட்டுப்போல ஓடுகிறது. எங்களிடமும் 912தான். கியர்பாக்ஸ் போய்விட்டதா, ஐயா?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சத்தம் இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே இருக்கும் கியர்பாக்ஸில் வந்தாலும் நோய் அங்கே இருக்க வேண்டியதில்லை. 912இல் இரண்டு பிங் கார்புரேட்டர், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு. ஒரு பக்கத் திராட்டில் கேபிள் ஒரு மயிரிழை முந்தினாலும் ஐடிலில் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சண்டை போடும், அந்த உதறலைத்தான் கியர்பாக்ஸ் வாங்கிக்கொள்கிறது. திராட்டிலைத் திறக்கத் திறக்க அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரட்டை வேக்குவம் கேஜ் (இரண்டு பக்கத்து உறிஞ்சலையும் அருகருகே காட்டும் மானி) வைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள், ஐடில் 1,400க்குக் கீழே போக விடாதீர்கள்.

அதற்கு முன் இரண்டு வேலை. கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் சாக்கெட்டை, டார்ச் அடித்து, விரலால் அழுத்தி வெடிப்பு பாருங்கள். பிறகு கிண்ணத்தைக் கழற்றி, அதில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகளை எடுங்கள். சில மிதவைகள் நாளடைவில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும், கனத்தால் தாழும், தாழ்ந்தால் அந்தப் பக்கம் பெட்ரோல் வழியும். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக் கூடாது. வீட்டுச் சமையல் தராசு இதற்குச் சரிவராது, மஸ்ஜித் இந்தியா பக்கம் நகைக்கடைக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்தால் துடைத்து எடுத்துப் போய் நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிளக்கில் பொறியே இல்லை. இக்னிஷன் மாட்யூல் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். இதுவும் 912தான்.
வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: வாங்காதீர்கள், முதலில் பேட்டரியை இரவு முழுக்க சார்ஜ் போடுங்கள். இந்த இக்னிஷனுக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வேண்டாம், தானே உற்பத்தி செய்துகொள்ளும், ஆனால் கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 220 சுற்றாவது சுற்றினால்தான் பொறி வரும். கண்ணுக்கு நன்றாகச் சுற்றுவது போலவே இருக்கும், வேகம் போதாது. பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் இன்ஜினுக்கு வரும் எர்த் கேபிளைக் கழற்றி, இரண்டு முனையையும் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து மறுபடி முடுக்குங்கள், கடலோர ஊரில் அங்கேதான் முதலில் பச்சை பூக்கும்.