பெருங்கரடி மழைக்காட்டில் படகுப் பயணம்: கேளுங்கள், சொல்கிறேன்

பெருங்கரடி மழைக்காடு இருக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் பாய்மரப் படகுகளில் சில பருவங்கள் சுற்றியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று: ஜீன்ஸ் எடுத்துவராதீர்கள். அங்கே நனைந்த பருத்தி பயணம் முடியும்வரை காயாது.

எந்த மாதம் நல்லது?

என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. கூட்ஸமட்டீன் கழிமுகத்தில் மே, ஜூன் மாதங்களில் கிரிஸ்லி கரடிகள் கோரைப்புல் மேயும். ஆம், மாடு போல மேயும். வெள்ளைக் கரடிக்குச் செப்டம்பர். சால்மன் மீன்கள் ஓடையில் ஏறும் காலம் அதுதான். கூன்முதுகுத் திமிங்கிலங்களை இரண்டு பருவத்திலும் பார்க்கலாம்.

வெள்ளைக் கரடி கட்டாயம் தெரியுமா?

உறுதி கிடையாது. ஒரு நாள் முழுக்க ஓடைக்கரையில் மழையில் உட்கார்ந்து, ஒரு கறுப்புக் கரடியின் முதுகை மட்டும் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

அது வழிதவறி வந்த துருவக் கரடியா, நிறமியே இல்லாமல் பிறந்த அல்பினோவா?

இரண்டும் இல்லை. கறுப்புக் கரடியின் கெர்மோட் என்ற துணையினம் அது. நிறத்தைத் தீர்மானிக்கும் எம்சி1ஆர் மரபணுவின் ஒடுங்கிய வடிவம் (ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாதது) தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். மூக்கும் கண்ணும் கருமையாகவே இருக்கும். அல்பினோவுக்கு அப்படி இருக்காது. பிரின்சஸ் ராயல், கிரிபெல் தீவுகளில்தான் இவற்றை அதிகம் காணலாம்.

படகு ஆட்டத்தில் குமட்டல் வருமா?

தீவுகளுக்கு இடையே கடல் குளம் போல இருக்கும். ஹெகேட் நீரிணை போன்ற திறந்தவெளியில்தான் ஆட்டும். மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கறுப்புக் காட்டில் வெள்ளைத் தோல் குறைபாடுதானே? இயற்கை அதை ஏன் விட்டுவைத்தது?

இப்படித்தான் கேட்க வேண்டும். கரடியைக் கரையில் நின்று பார்க்கும் உங்கள் கண்ணை விடுங்கள், தண்ணீருக்குள் இருக்கும் மீனின் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே தெரிவது வெளிறிய வானம். அந்தப் பின்னணியில் கறுப்பு உருவம் பளிச்சென்று தெரியும், வெள்ளை மங்கும். ஆய்வாளர்கள் ஓடையோரம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்: பகலில் மீன் பிடிப்பதில் வெள்ளைக் கரடிக்கே வெற்றி அதிகம்.

அப்படியானால் இரவில்? இரவிலும்தானே மீன் பிடிக்கும்?

மடக்கப் பார்க்கிறீர்கள். இருட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அதுதான் என் வாதத்துக்குப் பலம்: காரணம் கைத்திறன் என்றால் இரவிலும் வெள்ளை முந்தியிருக்க வேண்டும்.

அவ்வளவு லாபம் என்றால் எல்லாக் கரடியும் வெள்ளையாகியிருக்க வேண்டுமே.

ஒடுங்கிய மரபணு கறுப்புத் தோலுக்குள்ளும் ஒளிந்து நடமாடும். அதனால்தான் கறுப்புத் தாய்க்கு வெள்ளைக் குட்டி பிறக்கிறது. லாபமும் பகல் வேளையோடு நின்றுவிடுகிறது. இதற்கு மேல் தர்க்கம் செய்தால் மற்றவர்கள் என்னை அடிப்பார்கள்.

பாய் விரித்தே போவோமா?

ஆசைப்படாதீர்கள். குறுகிய கால்வாய்களில் காற்று நிலையாக நிற்காது, பெரும்பாலும் எஞ்சின்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திமிங்கிலம் மூச்சு விடுவதைக் கேட்கும் நேரம்தான் பயணத்தின் சிறந்த நேரம்.

ஓர்காவுக்கு (கொலைத் திமிங்கிலத்துக்கு) எவ்வளவு அருகில் போகலாம்? டிரோன் பறக்கவிடலாமா?

இந்தக் கடற்பகுதியில் ஓர்காவுக்குக் குறைந்தது 200 மீட்டர், மற்றத் திமிங்கிலங்களுக்கு 100 மீட்டர், ஓய்வெடுத்தாலோ குட்டியோடு இருந்தாலோ 200. நெருங்கச் சொல்லி மாலுமியை நச்சரிக்கும் பயணியை எனக்குப் பிடிக்காது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எந்த லென்ஸ்?

கேமராக்காரர்களிடம் கேளுங்கள்.

உள்ளூர் மக்கள் யார்?

கிளெம்டுவில் கிட்டாசூ, ஹாய்ஹாய்ஸ் மக்கள்; ஹார்ட்லி பேயில் கிட்கா'ட் மக்கள். அவர்களுடைய ஊருக்குத்தான் நாம் விருந்தாளியாகப் போகிறோம். கரடி ஓடைகளில் அவர்களுடைய வழிகாட்டி சொன்னபடி உட்காருங்கள், சொன்னபடி எழுந்திருங்கள். 2016இல் இந்த மழைக்காட்டில் 85 சதவீதத்தைத் தொழில்முறை மரவெட்டலிலிருந்து காக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டதில் பழங்குடி மக்களின் பங்கு பெரிது. அது தெரியாமல் படகு ஏறாதீர்கள்.

செப்டம்பரில் வந்தால் வெள்ளைக் கரடி கட்டாயம் தெரியும்தானே?

மேலே ஏற்கெனவே சொன்னதைப் படியுங்கள்.

மழை அதிகமா? என்ன உடை?

மழைக்காடு என்ற பெயர் சும்மா வைத்ததா? கம்பளி, நல்ல மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

நான் அக்டோபர் தொடக்கத்தில் போகிறேன். ஒன்றே ஒன்று: வெள்ளைக் கரடி…

ஜீன்ஸ் எடுத்துவராதீர்கள்.