ஹிப்பா யாரைக் கட்டுப்படுத்தும்? கேளுங்க, சொல்றேன்

ஹிப்பாங்குறது நோயாளியோட மெடிக்கல் தகவல ரகசியமா காக்குற அமெரிக்க சட்டம். அமெரிக்க ஹாஸ்பிடல் பில்லிங்ல அந்த விஷயத்தை பாக்குறது தான் என் வேலை, வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணா, டல்லஸ்ல வேலை பாக்குறேன். லீவுக்காக குடுத்த டாக்டர் லெட்டர்ல இருந்தத எங்க ஹெச்ஆர் டீம் முழுக்க சொல்லிட்டாங்க. ஹிப்பாவுல கேஸ் போடலாமா?

பதில்: படிக்கவே கஷ்டமா இருக்கு தம்பி, ஆனா இது ஹிப்பாவுல வராது. மெடிக்கல் விஷயம்னாலே இந்த சட்டம் வந்து நிக்கும்னு நம்ம ஆளுங்க நெனச்சுக்கறாங்க, அது யார் கையில இருக்குங்குறத தான் சட்டம் பாக்குது. ஹெல்த் இன்சூரன்ஸ் பிளான், க்ளியரிங்ஹவுஸ் (டாக்டருக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவுல க்ளெயிம மாத்தி அனுப்புற கம்பெனி), அப்புறம் க்ளெயிம் மாதிரி விஷயங்கள எலக்ட்ரானிக்கா அனுப்புற டாக்டர், ஹாஸ்பிடல், பார்மசி, இவங்க தான் நேரடியா மாட்டுவாங்க. உங்க கம்பெனி முதலாளிங்குற முறையில வச்சிருக்குற பைல் இதுல சேராது. ஆனா அதே ஹெச்ஆர் உங்க டாக்டருக்கே போன் போட்டு கேட்டா, உங்க கையெழுத்து இல்லாம அவர் சொல்லக்கூடாது. அப்புறம், ஹிப்பாவ வச்சு தனி ஆள் கேஸ் போட முடியாது, 180 நாளுக்குள்ள ஹெச்ஹெச்எஸ்ல, அதாவது அமெரிக்க சுகாதாரத் துறையில, புகார் தான் குடுக்க முடியும். உங்களுக்கு ஏடிஏங்குற மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துல வழி இருக்கலாம், எம்ப்ளாய்மென்ட் வக்கீல ஒருதடவை பாத்துடுங்க.

கேள்வி: சார், சென்னையில ஏஆர் காலர் (அமெரிக்க இன்சூரன்ஸுக்கு போன் போட்டு வராத பில் பணத்த கேக்குற வேலை), நைட் ஷிப்ட். அமெரிக்க சட்டம் எங்களுக்கு எதுக்கு?

பதில்: உங்க கம்பெனி அங்க இருக்குற ஹாஸ்பிடலுக்காக நோயாளி தகவல தொடுதுல்ல, அதனால அது பிசினஸ் அசோசியேட், இல்லன்னா அவங்களோட சப் கான்ட்ராக்டர். அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டு தான் வேலையே எடுத்திருப்பாங்க. 2013 ரூல் வந்தப்புறம் பிசினஸ் அசோசியேட்டும் நேரடியா பதில் சொல்லணும். ஸ்க்ரீன போட்டோ எடுத்து சந்தேகம் கேக்க வாட்ஸ்அப் க்ரூப்ல போடுறது நடக்குது, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த அக்கவுன்ட் நம்பருக்குப் பின்னாடி கேன்சர்னு இன்னும் வீட்டுல கூட சொல்லாத ஒருத்தர் இருக்கலாம்.

கேள்வி: என் கவுன்சிலர் இன்சூரன்ஸே எடுக்க மாட்டார், கேஷ் தான். அவருக்கு?

பதில்: எலக்ட்ரானிக் க்ளெயிம் மாதிரி எதுவுமே அனுப்பலன்னா ஹிப்பா அவருக்கு இல்ல. மாநில சட்டமும் லைசென்ஸ் விதியும் இருக்கு, பயப்படாதீங்க.

கேள்வி: அக்கா பீரியட்ஸ் ஆப் யூஸ் பண்றா. அது?

பதில்: அவங்களா டவுன்லோட் பண்ணினதுன்னா பொதுவா ஹிப்பா கிடையாது, ஹாஸ்பிடலே தன் சார்பா குடுத்த ஆப்னா உண்டு. எனக்கு ரொம்ப உறுத்துற ஓட்டை இது தான். எஃப்டிசிங்குற அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு கொஞ்சம் பிடிக்குது, 2023ல குட்ஆர்எக்ஸ்ங்குற மருந்து தள்ளுபடி ஆப் மேல 15 லட்சம் டாலர் அபராதம் வந்ததும் அவங்க வழியா தான். லொகேஷன் பர்மிஷன இன்னைக்கே ஆஃப் பண்ணச் சொல்லுங்க.